பழி சுமந்த அரசி: போர்த்துக்கல் நாட்டுப் புனித எலிசபெத்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொல்வது எளிது. ஆனால் ஒருவரைப் பற்றி ஒரு கெட்ட சொல் நம் காதில் விழும் அந்த நேரத்தில், அதைத் தீர விசாரிக்கும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஞானசவுந்தரியின் கதை நம் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நன்கு தெரிந்த கதை. திருவிழாக் காலங்களில் நாடகமாக நடிக்கப்பட்டு, 1948-ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்து, தமிழ்நாட்டு மக்களின் கண்களைக் குளமாக்கிய கதை அது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளையும் இழந்து காட்டில் விடப்படுகிறாள் ஞானசவுந்தரி. அவளைக் கண்டு இரங்கி மணந்துகொள்கிறான் ஓர் இளவரசன். அவன் போருக்குப் போயிருக்கும் வேளையில், அரண்மனைக்கும் அவனுக்கும் இடையே செல்லும் கடிதம் நடுவழியில் மாற்றப்படுகிறது. குற்றமறியாத அந்தத் தாய் பிள்ளைகளோடு மீண்டும் காட்டுக்குப் போகிறாள். முடிவில் தேவதாயின் அருளால் அவள் இழந்த கைகளைத் திரும்பப் பெறுகிறாள். 1953-இல் வெளியான ஜெனோவா படமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கணவன் போர்முனையில் இருக்க, அவனுடைய நம்பிக்கைக்குரிய ஒருவன் மனைவியின் மேல் பொய்ப்பழி சுமத்துகிறான்.

இவை நம் நாட்டில் மட்டும் வழங்கும் கதைகள் அல்ல. ஜெர்மனி நாட்டுக் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் கையிழந்த பெண்ணின் கதை இருக்கிறது. அதில் குழந்தை பிறந்த நற்செய்தியைச் சுமந்து செல்லும் தூதன் ஓர் ஓடைக்கரையில் களைத்து உறங்கிவிடுகிறான். சாத்தான் வந்து கடிதத்தை மாற்றிவிடுகிறான். ஆங்கிலக் கவிஞர் சாசர் 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய கான்ஸ்டன்ஸ் என்னும் பெண்ணின் கதையில், கொடுமைக்கார மாமியார் தூதனுக்கு மது கொடுத்து மயங்க வைத்துக் கடிதத்தை மாற்றுகிறாள்.

இக்கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை நமக்குப் புலப்படும். எல்லாவற்றிலும் ஐந்து பேர் இருக்கிறார்கள். குற்றமற்ற மனைவி ஒருத்தி. தொலைவில் இருக்கும் கணவன் ஒருவன். பொய் சொல்லும் பகைவன் ஒருவன். அந்தப் பொய்யை நம்பிக் கட்டளையை நிறைவேற்றுகிறவன் ஒருவன். செய்தியைச் சுமந்து செல்லும் தூதன் ஒருவன். முதல் நால்வரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தூதனை மறந்துவிடுகிறோம். அவன் கெட்டவன் அல்லன். கொஞ்சம் கவனக்குறைவானவன், அவ்வளவுதான். ஆனால் அவன் உறங்கிய ஒரு நாழிகையில் ஒரு குடும்பம் சிதறிப்போகிறது.

இவையெல்லாம் கதைகள். வரலாற்றிலும் இப்படிப் பொய்ப்பழி சுமந்த அரசி ஒருவர் உண்டா? உண்டு. அவரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. ஆனால் அவருடைய உண்மை வாழ்க்கை அந்தக் கதையைவிட உயர்ந்தது. போர்த்துக்கல் நாட்டின் அரசியும், திருச்சபை ஜூலை 4-ஆம் நாள் நினைவுகூரும் புனிதருமான எலிசபெத் அம்மையாரே அவர். அவர் நாட்டு மக்கள் அவரை இசபெல் என்று அழைக்கின்றனர்.

சமாதானத்தோடு பிறந்த குழந்தை

இன்றைய ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதி அந்நாளில் அரகோன் என்னும் தனி அரசாக விளங்கியது. அந்நாட்டு இளவரசர் பேதுருவுக்கும் சிசிலி நாட்டு இளவரசி கான்ஸ்டன்சுக்கும் 1271-ஆம் ஆண்டளவில் எலிசபெத் பிறந்தார். அவ்வேளையில் அவருடைய தந்தைக்கும் பாட்டனார் ஜேம்ஸ் மன்னருக்கும் இடையே மனத்தாங்கல் இருந்தது. பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் பாட்டனாரின் மனம் இளகியது என்றும், குழந்தையின் பொருட்டுத் தந்தையும் மகனும் ஒன்றுபட்டனர் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிறக்கும்போதே பகை தீர்த்த குழந்தை என்று மக்கள் அவரைப் போற்றினர்.

அவருக்கு இடப்பட்ட பெயரும் பொருத்தமானதே. ஏழைகளின் அன்னை எனப் பெயர் பெற்ற ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத் இவருடைய பாட்டியின் சகோதரி ஆவார். அந்தப் புனிதர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயரை இக்குழந்தைக்குச் சூட்டினர்.

அரண்மனையில் வளர்ந்தும் ஆடம்பரத்தை நாடாத சிறுமியாக எலிசபெத் வளர்ந்தார். நாள்தோறும் குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்புகழ்மாலையைத் தாமும் சொல்லிச் செபிக்கும் பழக்கம் இளமையிலேயே அவருக்கு ஏற்பட்டது. ஆனால் அந்நாளில் அரச குடும்பத்துப் பெண்களுக்குச் சிறுமிப் பருவம் நீண்ட நாள் நிலைப்பதில்லை. 1282-ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பதினொரு வயதில், போர்த்துக்கல் மன்னர் டெனிசுக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தனர். மணமகன் வராமலே, அவருடைய தூதுவர்கள் வழியாக பார்சலோனா நகரில் திருமண ஒப்பந்தம் நடந்தது. பின்னர் சிறுமி எலிசபெத் நெடுந்தூரம் பயணம் செய்து போர்த்துக்கல்லின் திரான்கோசோ என்னும் ஊரில் முதன்முதலாகத் தம் கணவரைச் சந்தித்தார். இன்று நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் வயது அது. எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் கனக்கிறது.

மன்னரும் அரசியும்

டெனிஸ் மன்னர் திறமை மிக்கவர். உழவுத் தொழிலைப் பேணியதால் உழவர் மன்னர் என்று பெயர் பெற்றவர். 1290-இல் போர்த்துக்கல்லின் முதல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். தாமே கவிஞராக விளங்கி நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். நாட்டை நன்றாக ஆண்ட அவர், தம் திருமண வாழ்வின் தூய்மையைக் காக்கத் தவறினார். வேறு பெண்கள் வழியாக அவருக்குப் பிள்ளைகள் பலர் பிறந்தனர். எலிசபெத் அரசிக்கோ 1290-இல் கான்ஸ்டன்சா என்ற மகளும், 1291-இல் அபோன்சோ என்ற மகனும் பிறந்தனர்.

கணவரின் தவறு அரசியின் உள்ளத்தைப் புண்படுத்தாமல் இருந்திருக்குமா? ஆனால் தம் துயரத்தின் கோபத்தை அவர் குழந்தைகள் மேல் காட்டவில்லை. கணவரின் மற்றப் பிள்ளைகளில் சிலரையும் அரண்மனையிலேயே வளர்த்துக் கல்வி கற்பித்தார். பிறந்த குழந்தையிடம் குற்றம் இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

திருமணப் பரிசாக அவருக்கு ஒபிதோஸ் முதலிய ஊர்கள் வழங்கப்பட்டிருந்தன. அவ்வூர்களின் வருவாய் அரசிக்கே உரியது. அந்தப் பணத்தைக் கொண்டு நோயாளிகளுக்கு மருத்துவமனையும், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லமும், வழிதவறித் திரும்பிய பெண்களுக்குப் புகலிடமும் அமைத்தார். வறிய பெண்களின் திருமணத்துக்கு உதவினார். ஏழைகளுக்காக மடியில் மறைத்துக் கொண்டுபோன பொருள், மன்னர் தடுத்துக் கேட்டபோது ரோசா மலர்களாக மாறியிருந்தது என்னும் புதுமை அவரைப் பற்றி வழங்குகிறது. இதே புதுமை அவருடைய பாட்டியின் சகோதரியான ஹங்கேரிப் புனிதரைப் பற்றியும் சொல்லப்படுகிறது. படங்களிலும் சுரூபங்களிலும் இவர் மடியில் ரோசா மலர்களைக் காண்பது இதனால்தான்.

சுண்ணாம்புக் காளவாய்

இனி, அவரைப் பற்றி வழங்கும் பொய்ப்பழிக் கதைக்கு வருவோம்.

அரசிக்கு உண்மையுள்ள பணியாள் ஒருவன் இருந்தான். ஏழைகளுக்குரிய தருமங்களை அவன் மூலமே அரசி அனுப்புவது வழக்கம். இதைக் கண்டு பொறாமை கொண்ட மற்றொரு பணியாள், அரசிக்கும் அவனுக்கும் தகாத உறவு இருப்பதாக மன்னரின் காதில் ஓதினான். மன்னர் விசாரிக்கவில்லை. சுண்ணாம்புக் காளவாய் வைத்திருப்பவனை அழைத்து, மன்னரின் கட்டளை நிறைவேறிற்றா என்று கேட்டு நாளைக் காலையில் முதலில் வருகிறவனைத் தீயில் தள்ளிவிடும்படி இரகசியமாகக் கூறினார். மறுநாள் குற்றமற்ற பணியாளையே அந்தக் கேள்வியோடு அனுப்பினார்.

போகும் வழியில் கோயில் மணி ஒலித்தது. திருப்பலியைக் காணாமல் கடந்து செல்வதில்லை என்பது அப்பணியாளின் வழக்கம். உள்ளே சென்றவன் அடுத்தடுத்து நடந்த திருப்பலிகளிலும் பங்கு கொண்டு தங்கிவிட்டான். இதற்குள் மன்னருக்குப் பொறுக்கவில்லை. காரியம் முடிந்ததா என்று அறிந்து வரும்படி, பொய் சொன்ன பணியாளையே அனுப்பினார். முதலில் போய்ச் சேர்ந்தவன் அவன். கேள்வியைக் கேட்டவன் அவன். தீயில் விழுந்தவனும் அவனே. பின்னர் உயிரோடு திரும்பி வந்த நல்ல பணியாளைக் கண்டு மன்னர் நடுங்கினார். அரசியின் குற்றமின்மையை உணர்ந்தார் என்று கதை முடிகிறது.

பல தலைமுறைகளாகப் புனிதர் வரலாறுகளில் இடம்பெற்று வந்த கதை இது. ஜெர்மன் கவிஞர் ஷில்லர் 1797-இல் இதே நிகழ்ச்சியை வேறு பெயர்களோடு, காளவாய்க்குப் பதில் இரும்பு உருக்கும் உலையை வைத்துப் பாடலாக எழுதினார். ஆயினும் இது வரலாற்று நிகழ்ச்சி அன்று என்றே அறிஞர் கருதுகின்றனர். அரசி இறந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரே இது அவர் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே இதைப் போன்ற கதை நம் இந்திய நாட்டில் வழங்கியது. காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில், குறிப்பிட்ட செய்தியோடு வருகிறவனைக் கொல்லும்படி சமையற்காரனுக்கு மன்னன் இரகசியக் கட்டளை இடுகிறான். செய்தியைக் கொண்டுபோக வேண்டியவனுக்குப் பதிலாக வழியில் மன்னனின் மகனே அதை வாங்கிக்கொண்டு போய் மடிகிறான். கீழ்த்திசைக் கதைகள் வணிகரோடும் பயணிகளோடும் மேற்றிசை சென்றதை நாம் அறிவோம்.

கதையென்றாலும் அதை நாம் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். நல்லவன் தப்பினான், தீயவன் அழிந்தான் என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் மன்னர் கடைசி வரையில் யாரையும் விசாரிக்கவே இல்லை! அரசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி சுமத்தப்பட்டவனிடம் கேட்கவில்லை. பழி சொன்னவனிடமும் சான்று கேட்கவில்லை. ஆகவே பொய் சொன்னவன் ஒருவன் மட்டும் குற்றவாளி அல்லன். கேட்டதும் நம்பியவரும் குற்றவாளியே. கதையில் இறைவன் கோயில் மணியை ஒலிக்கச் செய்தார். ஒவ்வொரு வீட்டிலும் அந்த நேரத்தில் மணி ஒலிக்கும் என்று நாம் இருந்துவிட முடியுமா?

உண்மையில் வந்த பழி

காளவாய்க் கதை நடந்திராவிட்டாலும், எலிசபெத் அரசியின் மேல் பழி விழுந்தது உண்மை. அது அவருடைய கற்பின் மேல் விழுந்த பழி அன்று. நாட்டுப் பற்றின் மேலும் கணவரிடம் கொண்ட உண்மையின் மேலும் விழுந்த பழி.

மன்னருக்கு வேறொரு பெண் வழியாகப் பிறந்த அபோன்சோ சாஞ்சேஸ் என்ற மகனிடம் அளவற்ற பாசம் இருந்தது. அரண்மனையின் உயர்ந்த பதவியை அவனுக்கே அளித்தார். பட்டத்துக்கு உரிய இளவரசர் அபோன்சோ, தம் உரிமை பறிபோய்விடுமோ என்று அஞ்சினார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே சொல்லப்பட்ட சொற்களைவிட, இடையில் இருந்தவர்கள் திரித்துச் சொன்ன சொற்களே மிகுதி. 1320-ஆம் ஆண்டளவில் அந்தப் பகை உள்நாட்டுப் போராக வெடித்தது.

தாய் என்ன செய்வாள்? ஒரு பக்கம் கணவர். மறு பக்கம் ஒரே மகன். இருவருக்கும் அறிவுரை சொன்னார், இருவருக்காகவும் செபித்தார். ஆனால் மன்னரைச் சூழ்ந்திருந்தோர், அரசியார் மகனுக்கு இரகசியச் செய்திகள் அனுப்புகிறார், அரண்மனைத் திட்டங்களை வெளியிடுகிறார் என்று கோள் மூட்டினர். மன்னர் அதை நம்பினார். அரசிக்குரிய ஊர்களின் வருவாயைப் பறித்துக்கொண்டு, அலென்கர் என்னும் ஊரில் போய் இருக்கும்படி அவரை அரண்மனையிலிருந்து விலக்கினார். நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியை, ஐம்பது வயதுத் தாயை, கோள் சொன்னவர்களின் வார்த்தையைக் கொண்டு மன்னர் தள்ளிவைத்தார். செய்தி அனுப்பினார் என்பதுதான் குற்றச்சாட்டு! ஞானசவுந்தரி கதையின் மாற்றப்பட்ட கடிதம் நமக்கு நினைவு வரவில்லையா?

இந்த இடத்தில்தான் எலிசபெத் அம்மையாரின் பெருமை விளங்குகிறது. அரசிக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு கொதித்த பிரபுக்கள் சிலர், படையோடு அவர் பக்கம் நிற்பதாகக் கூறினர் என்றும், அரசி அதை ஏற்காமல், மன்னருக்கு உண்மையாய் இருக்கும்படி அவர்களைத் திருப்பி அனுப்பினார் என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. தம் மேல் விழுந்த பழியைத் துடைக்க இன்னொரு போரை மூட்ட அவர் விரும்பவில்லை.

அப்படியானால் வாய் மூடி அழுதுகொண்டிருந்தாரா? அதுவும் இல்லை. கதைகளில் வரும் பெண்கள் காட்டில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. எலிசபெத் அரசியோ தகுந்த வேளை வந்ததும் எழுந்தார். தந்தையும் மகனும் படை திரட்டுகிறார்கள் என்று அறிந்ததும், இருக்கச் சொன்ன இடத்தை விட்டுப் புறப்பட்டு மகனிடம் சென்றார். கோயிம்பிரா நகரை மையமாகக் கொண்டு 1322-இல் நடந்த சண்டையில், இரு தரப்பாரிடமும் மாறி மாறிச் சென்று ஓர் உடன்பாட்டை ஏற்படுத்தினார். எவர் இரகசியத் தூது அனுப்பியதாகப் பழிக்கப்பட்டாரோ, அவரே இப்போது எல்லாரும் காண வெளிப்படையான தூதராக நடந்தார். மறைத்துச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. மன்னரிடம் சொன்னதையே மகனிடமும் சொன்னார்.

இரு படைகளுக்கு நடுவே

அந்த அமைதி நீடிக்கவில்லை. 1323-இல் லிஸ்பன் நகருக்கு அருகே அல்வலாதே என்னும் வெளியில் தந்தையின் படையும் மகனின் படையும் எதிரெதிரே அணிவகுத்தன. வில்லில் அம்பு பூட்டிய நேரம். அப்போது கோவேறு கழுதை மேல் ஏறி, அரசி எலிசபெத் இரு படைகளுக்கும் நடுவே வந்தார் என்று போர்த்துக்கல் மக்கள் இன்றளவும் பெருமையோடு சொல்லுகின்றனர். கணவரின் அம்பு வந்தாலும் மகனின் அம்பு வந்தாலும் முதலில் அவர் மேல்தான் படும். படைகள் நின்றன. மகன் தந்தையின் முன் பணிந்தார். அந்த நிகழ்ச்சியை நினைவூட்டும் கல் ஒன்றும் லிஸ்பன் நகரில் நிறுவப்பட்டது.

1324-இல் முடிவான சமாதானம் ஏற்பட்டது. பகைக்குக் காரணமாயிருந்த மகனின் பதவியை மன்னர் எடுத்துவிட்டார். சில மாதங்களில் மன்னர் நோயுற்றார். தம்மை விலக்கி வைத்த கணவரின் படுக்கை அருகே இரவும் பகலும் இருந்து பணிவிடை செய்தவர் எலிசபெத் அம்மையாரே. 1325 ஜனவரி 7-ஆம் நாள் சாந்தரேம் நகரில் டெனிஸ் மன்னர் உயிர் நீத்தார்.

எலிசபெத் அரசி தம் குடும்பத்தில் மட்டும் அமைதி செய்தவர் அல்லர். 1297-இல் போர்த்துக்கல்லும் காஸ்டில் நாடும் எல்லைகளை வகுத்துக்கொண்ட அல்கனீசஸ் உடன்படிக்கையிலும், 1304-இல் அரகோனுக்கும் காஸ்டிலுக்கும் இடையே டெனிஸ் மன்னர் நடுவராக இருந்து வழக்குத் தீர்த்த போதும் அவருடைய பங்கு உண்டு. அரகோன் மன்னராக விளங்கிய தம் சகோதரர் இரண்டாம் ஜேம்சுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பார்சலோனாவில் உள்ள அரகோன் அரச ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உறவினரிடையே மூண்ட வழக்குகளைத் தீர்ப்பதே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கவலை. கதைகளில் கடிதங்கள் குடும்பங்களைப் பிரிக்கின்றன. எலிசபெத் அம்மையாரின் கடிதங்கள் குடும்பங்களைச் சேர்த்தன. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றை எவரும் எடுத்துப் படிக்கலாம். அவர் வெட்கப்பட வேண்டிய வரி எதுவும் இல்லை.

கடைசிப் பயணம்

கணவர் இறந்த பின் எலிசபெத் அம்மையார் ஸ்பெயினில் உள்ள கொம்போஸ்தலா நகருக்குத் திருயாத்திரை சென்று, புனித யாகப்பரின் திருக்கல்லறையில் தம் கிரீடத்தைக் காணிக்கையாக வைத்தார். அங்கிருந்து பெற்று வந்தது யாத்திரிகருக்குரிய ஒரு கைத்தடிதான். பின்னர் கோயிம்பிராவில் தாம் கட்டியெழுப்பிய புனித கிளாரா சபைக் கன்னியர் மடத்தின் அருகில் ஒரு வீட்டில் தங்கினார். கன்னியரின் உடையை அணிந்துகொண்டாலும் வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. தம் செல்வத்தின் மேல் உரிமை இருந்தால்தான் ஏழைகளுக்கு உதவ முடியும் என்பது அவர் எண்ணம். மடத்தின் பக்கத்தில் மருத்துவமனை ஒன்று கட்டி, அங்கிருந்த நோயாளிகளைத் தாமே கவனித்தார்.

அறுபத்தைந்து வயதிலும் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1336-இல் மீண்டும் போர் மூண்டது. இம்முறை போர்த்துக்கல் மன்னராகிவிட்ட மகன் அபோன்சோவுக்கும், காஸ்டில் மன்னர் பதினோராம் அல்போன்சோவுக்கும் சண்டை. காஸ்டில் மன்னர் யார்? எலிசபெத் அம்மையாரின் மகள் கான்ஸ்டன்சாவின் மகன், சொந்தப் பேரன். போருக்கு ஒரு முக்கிய காரணம் என்ன? அந்தப் பேரன் தன் மனைவி மரியாவைப் புறக்கணித்து, வேறொரு பெண்ணோடு வாழ்ந்ததுதான். மரியாவோ அபோன்சோ மன்னரின் மகள். அவளும் எலிசபெத் அம்மையாரின் பேத்தி. வாழ்நாள் முழுவதும் தாம் தாங்கிய துயரத்தையே பேத்தியும் தாங்குவதை அந்த முதிய தாய் கண்டார்.

கோடை வெயிலில் வேண்டாம் என்று உடனிருந்தோர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. மகனைச் சந்தித்துப் பேச எல்லைப்புறத்து எஸ்திரமோஸ் கோட்டைக்குச் சென்றார். அங்கே காய்ச்சலில் படுத்தார். 1336 ஜூலை 4-ஆம் நாள் மகனின் முன்னிலையில், தேவதாயைக் கூவி அழைத்துச் செபித்தவராய் உயிர் துறந்தார். போர் அன்றே நின்றுவிடவில்லை. மேலும் சில காலம் நடந்தது. ஆனால் 1340-இல் சலாதோ ஆற்றங்கரையில் நடந்த பெரும்போரில் அந்த மாமனும் மருமகனும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்றார்கள். தாய் விதைத்த விதை தாமதமாக முளைத்தது.

அவருடைய உடல் கோயிம்பிராவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் வாழ்நாளிலேயே செய்து வைத்திருந்த கல் பேழையில் வைக்கப்பட்டது. அப்பேழையின் மேல் அவர் முடிசூடிய அரசியாக மட்டும் இல்லை. கிளாரா சபை உடையில், கையில் யாத்திரைத் தடியோடு செதுக்கப்பட்டிருக்கிறார். 1612-இல் கல்லறையைத் திறந்தபோது அந்தத் தடி அவர் அருகிலேயே இருந்தது. 1516-இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டமும், 1625-இல் திருத்தந்தை எட்டாம் உர்பானால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. மோந்தேகோ ஆற்று வெள்ளம் பழைய மடத்தைச் சூழ்ந்ததால், 1677-இல் அவருடைய திருவுடல் மேட்டில் கட்டப்பட்ட புதிய மடத்துக்கு மாற்றப்பட்டது. இன்றும் கோயிம்பிரா நகரின் பாதுகாவலி அவரே.

அவருடைய வழிவந்த மூன்றாம் யோவான் மன்னரின் வேண்டுகோளின் பேரில்தான் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நம் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தம். நம் வகுப்புகளில் இசபெல்லா என்றும் எலிசபெத் என்றும் பெயர் கொண்ட தோழியர் எத்தனை பேர்! அப்பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கையும் உண்டு என்பதை அவர்கள் பெருமையோடு எண்ணிக்கொள்ளலாம்.

நாம் எந்தத் தூதர்?

அன்பு மாணவியரே, காளவாய்க் கதையும் ஞானசவுந்தரி கதையும் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஏன் மறையாமல் வாழ்கின்றன? அந்தத் தீங்கு எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மறையாமல் இருப்பதால்தான். கையெழுத்தில்லாத கடிதமாய் ஒரு காலத்தில் வந்தது, இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வருகிறது. ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வரி. அதைப் பார்த்தவர் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். பத்துப் பேரும் நூறு பேருக்கு அனுப்புகின்றனர். மாலைக்குள் அவளுடைய பெயர் கெட்டுவிடுகிறது. எழுதியவர் ஒருவரே. ஆனால் சுமந்து சென்றவர்கள் நூறு பேர். அவர்கள் யாரும் தம்மைக் கெட்டவர்கள் என்று நினைப்பதில்லை. ஓடைக்கரையில் உறங்கிய அந்தத் தூதனும் அப்படித்தான்.

பெற்றோர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளையைப் பற்றியோ, வீட்டுக்கு வந்த மருமகளைப் பற்றியோ யாராவது ஒன்று சொன்னால், அவளை அழைத்து உட்கார வைத்துக் கேட்பதே முதல் கடமை. டெனிஸ் மன்னர் அறிவாளி, கவிஞர், பல்கலைக்கழகம் கண்டவர். ஆயினும் சொந்த மனைவியிடம் ஒரு கேள்வி கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு குறை அவருடைய வீட்டைப் போர்க்களமாக்கியது.

பழி சுமக்க நேர்ந்தால் என்ன செய்வது? எலிசபெத் அம்மையார் பழிக்குப் பழி வாங்கவில்லை. அதற்காக அநீதியை அநீதி அல்ல என்று சொல்லவும் இல்லை. ஒடுங்கி மறையவும் இல்லை. உண்மையைச் சொல்லவேண்டிய இடத்தில் நேரே போய் நின்று சொன்னார். நம்மில் யாருக்காவது அப்படி நேர்ந்தால், மூலையில் உட்கார்ந்து அழ வேண்டாம். தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ சென்று உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். நம் தோழிக்கு நேர்ந்தால் அவள் பக்கத்தில் போய் நிற்போம்.

ஒரு சொல் நம்மிடம் வந்து சேரும்போது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன், இது மெய்யா, இதைச் சொல்வதால் எவருக்காவது நன்மை உண்டா என்று கேட்டுக்கொள்வோம். மெய்யில்லை என்றால், நன்மை இல்லை என்றால், அந்தச் சொல் நம்மோடு நின்றுபோகட்டும். போர்த்துக்கல் நாட்டுப் புனித எலிசபெத்தே, எங்கள் நாவையும் எங்கள் கைகளையும் காத்து, எங்களைச் சமாதானத்தின் தூதர்களாக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.